மணலில் விரித்த தார்ப்பாய்

23-9-1968, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. ஹெட் கிளார்க்: தேவானந்தம். நான்தான். பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலி மைதீன் பிச்சை; என்னைவிட இரண்டு வருஷம் சீனியர். போன வருஷப் பிரமோஷன் பரீட்சைக்கு ரயிலில் கேள்வி கேட்டுக் கேட்டு என்னைப் படிக்கவைத்தவன் அவன்தான். அவன் எழுதவில்லை. மனைவி ஷம்சாத்துக்குப் பிரசவம் கஷ்டமாகி, ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான்.

பூஜை விடுமுறை முடிந்து மூன்றாம் தேதிதான் செக்‌ஷனில் அறிவிப்பார்களாம். அதற்குள் நானே அவனிடம் சொல்லிவிட வேண்டும். இன்று அவன் லீவு. ஆர்டர் சட்டைப்பையில்.

25-9, புதன்

சொல்லவில்லை. காலை 8.12 தாம்பரம் ரயிலில் வழக்கம்போல ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தான். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து நான் கடைசி நிமிஷத்தில்தான் வந்து சேருவேன்.

சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போவது பற்றியே பேச்சு. டென்ட் இல்லாமல் ஆற்றங்கரையில் இரண்டு ராத்திரி. அவனுடைய பல வருஷ ஆசை. சரி, மலையில் சொல்லிக்கொள்ளலாம். அங்கே ஓடி ஒளிய இடமில்லை — அவனுக்கா, எனக்கா?

27-9, வெள்ளி

என் மனைவி புஷ்பம் மூட்டை கட்டினாள். வீட்டில் கட்டில் கிடக்க, காட்டில் படுக்கப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாளாம்.

28-9, சனி. ஆற்றங்கரை

போளூர் வரை பஸ், பிறகு மூங்கில் லாரி, பிறகு நடை. அடுப்புக்கு மூன்று கல், ஒரு பானை, ஒரு தார்ப்பாய்.

கரைமேல் மரத்தடியில் படுக்கலாம் என்றான் மைதீன். அங்கே வேரும் எறும்பும். மணல்தான் மெத்தென்று இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தேன். அடையாற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு என்றால் மணல்தான். விட்டுக்கொடுத்தான். கஞ்சி காய்ச்சிக் குடித்தோம்.

சொல்லவில்லை.

30-9, திங்கள். வீடு

நேற்று மத்தியானம் சாப்பிட்டு மணலிலேயே தூங்கிவிட்டேன். சட்டை பக்கத்துப் புதரில். சாயங்கால அசர் தொழுகைக்குக் கைகால் கழுவப் போன மைதீன், மத்தியானம் லுஹர் தொழுகைக்கு உட்கார்ந்து கழுவிய கல்லைத் தேடியிருக்கிறான். கல் தண்ணீருக்குள். எங்கள் தலைக்கு மேலே ஒரு பொட்டு மேகமில்லை. எங்கோ உச்சியில் மழை. என்னைக் கையைப் பிடித்து இழுத்தான். சட்டையையும் தண்ணீரில் இறங்கி அவன்தான் எடுத்தான். கரையேறித் திரும்பிப் பார்த்தால் பானை, அரிசி, தார்ப்பாய் எதுவும் இல்லை. மணலே இல்லை. ஐயோ, செத்திருப்பேன்.

நனைந்ததையெல்லாம் பாறையில் விரித்தான். என் சட்டைப்பையில் இருந்த தாளையும் பிரித்து, பறக்காமல் ஓரத்தில் கல் வைத்தான். படித்தான்.

"எப்போ வந்துச்சு?"

"திங்கட்கிழமை."

"ஒரு வாரமா பாக்கெட்ல வெச்சிகினு கீறே. இன்னா மச்சான், நான் அழுதுடுவேன்னு பாத்தியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. மிஞ்சியது அவன் கைக்குட்டையில் முடிந்திருந்த பொட்டுக்கடலை மட்டும். சரிபாதியாகப் பிரித்து என் பக்கம் தள்ளினான். தாம்பரம் வரும்வரை பேசவில்லை.

3-10, வியாழன்

8.12-இல் மைதீன் இல்லை. பீச் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனேன்.

4-10, வெள்ளி

செக்‌ஷனில் எல்லோரோடும் எழுந்து நின்று, "குட்மார்னிங் சார்" என்றான். கேலி இல்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

9-10, புதன்

முந்தின ரயிலில் போகிறானாம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா? போய் என்ன சொல்வது?

12-10, சனி

மேற்குத் தாம்பரம் போனேன். ஷம்சாத் டீ கொடுத்தனுப்பினாள். உன் இடம் எனக்கு வந்துவிட்டது, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்துவிட்டேன் என்றேன். கேட்டுக்கொண்டான். டீ ஆறிவிட்டது என்றான். அவ்வளவுதான்.

14-10, திங்கள்

8.12. ஜன்னலோரத்தில் கைக்குட்டை. ஓரத்தில் ஆற்றுச் சேற்றுக் கறை இன்னும் போகவில்லை. பக்கத்தில் மைதீன், பேப்பரும் கையுமாக. உட்கார்ந்தேன். வண்டி சைதாப்பேட்டை தாண்டியது.

"அடுத்த தபா கரைமேலதான் படுக்கணும்" என்றான், பேப்பரை மடிக்காமல்.

சரி என்றேன்.