சர்க்கரை போடாத கோப்பை

அப்பாவுக்கு,

தெருவில் வசிப்பவர்களுக்கு அரசு வீடு தருமுன், அவர்கள் தனியாகச் சமாளிப்பார்களா என்று தேநீர் போடச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. அடுப்பை அணைக்கிறீர்களா, கதவைப் பூட்டுகிறீர்களா என்று இன்று உங்களையும் பார்த்துக் குறித்துக்கொண்டு நின்றேன். நம் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு உங்கள் முன் நிமிர்ந்து பேச இன்னும் வரவில்லை.

இரண்டு கோப்பை போட்டீர்கள். என்னைக் கேட்காமலே ஒன்றில் சர்க்கரை போடாமல் விட்டீர்கள். பத்து வயதில் நான் அப்படித்தான் குடிப்பேன்.

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று படிவத்தைப் பார்த்தபடியே கேட்டேன்.

"யாருமில்லீங்க மேடம்."

இருந்தால் வீடு தர மாட்டார்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அந்த விதி தெரியும். அதனால் நானும் திருத்தவில்லை.

அம்மா இன்னும் கதவைத் தாழிடாமல்தான் தூங்குகிறாள். அவளிடம் எதுவும் சொல்லப்போவதில்லை.

'தனியாக வாழத் தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நாளை சாவி கிடைக்கும். நான் எழுதியதில் பொய் இல்லை. எங்களை விட்டுப் போய்ப் பதினான்கு வருடமாக அதைத்தானே பழகினீர்கள்.

தேநீரை ஏன் தொடவில்லை என்று யோசித்திருப்பீர்கள். இப்போதெல்லாம் நான் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறேன்.

இப்படிக்கு,
மேடம்