கேட்டால் சொல்லும் பெட்டி

செப்டம்பர் 9, சனி

போடிமெட்டுக்கு மேலே நம் ஏலக்காய் ஸ்டோரில் மோடம் மாட்டியாயிற்று. காய் உலர்த்தும் அறையின் சூட்டை அளந்து, சிம் கார்டு வழியாகக் கீழே போடிக்குச் சொல்லும் பெட்டி. மாட்டியது அக்கா மகன் இஜாஸ். இரண்டு விதமாக வைக்கலாமாம். கிளையன்ட் என்று வைத்தால், சூடு எகிறும்போது அதுவாகவே பெட்டி விற்ற கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அங்கிருந்து என் போனில் மணி அடிக்கும். சர்வர் என்று வைத்தால் சும்மா காத்திருக்கும். நான் போனில் கேட்டால் மட்டும் பதில் சொல்லும்.

“ரெண்டையும் போட்டு வச்சிருவோம் மாமா. அதான் நல்லது.”

வேண்டாம் என்றேன். என் ஸ்டோரில் அடுப்பு எத்தனை நாள் எரிகிறது என்பது எவனுடைய கம்ப்யூட்டரிலோ கிடந்தால், கையில் எவ்வளவு காய் இருக்கிறது என்று ஏலத்துக்கு முன்பே ஊகித்துவிடுவான். சர்வர் போதும்.

“ஊரு பூராம் ஒங்கள மாதிரியேன்னு நெனைக்கிறீங்க” என்று சிரித்தான்.

செப்டம்பர் 12

அடுப்பு பார்க்கும் அழகுமலையிடம் சொல்லிவிட்டேன், இனி ராத்திரி எழுந்து எழுந்து பார்க்க வேண்டாம், பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று. அவனுக்கு நம்பிக்கை இல்லை. அவன் பெண்சாதி செல்லத்தாய்க்குத்தான் சந்தோஷம்.

செப்டம்பர் 20

படுக்கும்முன் கேட்டேன். ஐம்பது டிகிரி. நிம்மதி.

அக்டோபர் 5

விடியுமுன் ஸ்டோரில் தீ. அடுப்பிலிருந்து அறைக்குள் போகும் புகைக்குழாய் விட்டுப்போய், காய் பரப்பிய தட்டுகள் பற்றிக்கொண்டன. வாடை வந்து எழுந்த அழகுமலை கதவைத் திறந்திருக்கிறான். இரண்டு கையும் முகமும்— ஜீப்பில் இறக்கித் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். கையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அக்டோபர் 6

பெட்டி வெளிச்சுவரில் இருந்ததால் தப்பித்துவிட்டது. கேட்டேன். நேற்றைய சூட்டை ஒன்றுவிடாமல் சொன்னது. அறுபது, எழுபது, எண்பது. குழாய் விடுவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே ஏறியிருக்கிறது. போன் என் தலைமாட்டில்தான் கிடந்தது. அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அடிக்காதே என்று வைத்தது யார்?

இஜாஸும் பார்த்தான். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 14

அழகுமலை குடித்துவிட்டுத் தூங்கினான் என்று மலையில் பேச்சு. கீழே போடியில் என் கடையிலேயே, என் முன்னாலேயே சொன்னார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி என்னை நானே கேட்டேன்: ஏன்டா கலீபுல்லா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?

அக்டோபர் 19

செல்லத்தாய் கடைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க. என்னிடம்!

“அசந்து தூங்கிட்டாரு பாய். ஒங்க காயெல்லாம் கரியாப் போச்சு. மனசுல வச்சுக்கிறாதீங்க.”

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்ல வைத்தாள்.

“அப்ப அந்தப் பெட்டிக்குத் தெரியும்.”

“தெரியும் தாயி.”

“அத ஒங்களுக்குச் சொல்லவிடாமப் பண்ணுனது நீங்க.”

தலையை ஆட்டினேன். தேனி பஸ்சுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள்.

அக்டோபர் 27

இஜாஸ் மலைக்குப் போய்ப் பெட்டியை இரண்டு விதமாகவும் வைத்துவிட்டு வந்தான்.

நவம்பர் 10

அழகுமலை வீட்டுக்கு வந்துவிட்டான். பார்க்கப் போனேன். வலது கை விரல் மடங்கவில்லை. என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொண்டுபோன பழப்பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 23

ஸ்டோரைச் சரிசெய்தாயிற்று. அடுப்பு பார்க்கத்தான் ஆள் இல்லை. குரங்கணியிலிருந்து சின்ராசுவைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தான். கூலியைக் கேட்கவில்லை.

“பெட்டி அதுவாச் சொல்லுமா பாய், நீங்க கேட்டாத்தான் சொல்லுமா?”

மலை முழுக்கத் தெரிந்திருக்கிறது. இப்போது அதுவாகவே சொல்லும் என்றேன்.

“யாருக்கு?”

“எனக்கு.”

சின்ராசு துண்டை உதறித் தோளில் போட்டான். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.

நவம்பர் 27

சின்ராசு வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. பறித்த காயை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? உலர்த்தும் அறைக்குள் ஏற்றியாயிற்று. ஸ்டோரில் அடுப்புக்கு முன்னால் நானே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விறகு ஈரம், புகைகிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.