குளிர்ந்த புகைக்குக் காபித்தூள்

செவ்வாய், வடதுருவப் பனி, மூன்றாம் துளை நிலையம்
எஞ்சின் பதிவு. எழுதுபவன் ஜெரோம் வாஸ்.

நாள் 203, காலை

எஞ்சின் ஓடுகிறது. எண்ணெய் சரி. வெளியேறும் புகையின் சூடு எண்பது டிகிரி. போன வாரத்தைவிடக் குறைவு.

இதைப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். எஞ்சினில் எரியும் மீத்தேனின் சக்தியில் பாதி, புகையோடு சூடாக வெளியே போய்விடும். புகைபோக்கியின் வாயில் பொருத்திய சுருள்குழாய் அந்தச் சூட்டைப் பிடித்து ஒரு சின்ன டர்பைனைச் சுற்றுகிறது. சும்மா போகிறதில் வருகிற மின்சாரம். எந்த நிலையத்தின் புகை அதிகம் குளிர்ந்திருக்கிறதோ, அதற்குத் தலைமை முகாம் வாரம் ஒரு டப்பா காபித்தூள் தருகிறது. மூன்று வாரமாக எங்களுக்குத்தான். துளை போடும் தமயந்தி ஈரோட்டுக்காரி. காபி இல்லாவிட்டால் அவளிடம் பேச முடியாது. இங்கே இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாவது எஞ்சின் செத்து மாதக்கணக்காகிறது. மாற்று வரும் வரும் என்கிறார்கள். தூத்துக்குடியில் எஞ்சின் வேலைக்குக் கப்பலேறிய நாளிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நாள் 206, மாலை

செத்த எஞ்சினின் ரேடியேட்டரைப் பிரித்து, அதன் குழாய்களைச் சுருளோடு சேர்த்தோம். யோசனை அவளுடையது, வெல்டிங் என்னுடையது. புகை முப்பத்தொன்பது டிகிரி. குழாயில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கிறது. தலைமை முகாமின் முத்தழகு சிரித்தான்.

"அண்ணே, ஒங்களுக்கு டப்பா பத்தாது, மூட்டையாத்தான் அனுப்பணும்."

இடுப்பு வலி. தூங்கப் போகிறேன்.

நாள் 209, மதியம்

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மண்ணுக்குள். தமயந்தி துளை மேடையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டாள். தொடை எலும்பு முறிவு. முகாம் டாக்டர் ரேடியோவில் சொல்லச் சொல்லக் கட்டுப் போட்டேன். வலி தாங்காமல் என் சட்டையைக் கிழித்துவிட்டாள். பரவாயில்லை, பழைய சட்டை.

எஞ்சினை ஒட்டிய அறையில் அவளைப் படுக்க வைத்திருக்கிறேன். எஞ்சினின் வெந்நீர்தான் அந்த அறைக்குக் கணப்பு. எஞ்சின் நின்றால் ஒரு ராத்திரிகூடத் தாங்க மாட்டாள். புயலில் பாட்டரியும் காலி, நின்றால் மறுபடி கிளப்ப வழியில்லை. மீட்பு வண்டி புழுதி அடங்கினதும் கிளம்புமாம்.

நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். தூக்கம் வரவில்லை, எஞ்சின் சத்தத்தையே காது பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாள் 212, காலை

வண்டி கிளம்பிவிட்டது. நாளை மதியம் வந்துவிடும் என்றான் முத்தழகு.

எஞ்சின் சத்தம் சரியில்லை. புகை வெளியே போகாமல் பின்னால் அழுத்துகிறது.

நாள் 212, சற்றுப் பிறகு

தெரிந்துவிட்டது. மீத்தேன் எரிந்தால் புகையில் நீராவி இருக்கும். சூடாகப் போனவரை அது வெளியே போய்ப் பனியாகி உதிர்ந்தது. நாங்கள் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்டதால் சுருளிலேயே தண்ணீராகி, வெளிக்குளிரில் உறைந்துவிட்டது. வீண் என்று நினைத்த சூடுதான் இத்தனை நாள் வாயை அடைக்காமல் வைத்திருந்தது. ஒரு டப்பா காபித்தூளுக்கு ஆசைப்பட்டோம். எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வருகிறது.

சுருளின் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். பயனில்லை. புகை ஓடினால்தான் பனி இளகும், ஓட வழியில்லை. குழாய்களும் விரிந்து வெடித்துவிட்டன. டர்பைன் நின்றுவிட்டது. எஞ்சின் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

வெளியே போய்ச் சுருளை மொத்தமாகக் கழற்றி எறிய வேண்டும்.

ஒரு விஷயம். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள இடை அறை வழியாக வெளியே போக, அதிலுள்ள காற்றைத் திறந்துவிட்டால் போதும். திரும்பி வர அதை நிரப்ப வேண்டும், அதற்குக் கம்ப்ரசர் ஓட வேண்டும். டர்பைன் கைகொடுக்காமல் இந்தக் கிழட்டு எஞ்சின் தனியாகக் கம்ப்ரசரை இழுக்காது. போட்ட நிமிஷமே திணறி நின்றுவிடும்.

தமயந்திக்கு இதைச் சொல்லவில்லை. பனியைத் தட்டிவிட்டு வருகிறேன் என்றேன். தண்ணீர், மாத்திரை, ரேடியோ எல்லாம் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாயிற்று. கம்ப்ரசர் சுவிட்சும் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன்.

நாள் 212, உடையின் குரல் பதிவு

பனியே விழாத ஊரில் பனிமய மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவன் நான். தாயே, போதும் இந்தப் பனி.

எட்டு போல்ட். ஏழு வந்துவிட்டது. எட்டாவது அசைய மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கிறேன்.

வந்துவிட்டது. சுருள் கீழே விழுந்தது. எஞ்சின் இருமுகிறது... இருமுகிறது... பனிக்கட்டி தெறிக்கிறது. புகை வருகிறது. வெள்ளையாக, கொழுத்த புகை.

எஞ்சின் ஓடுகிறது.

நாள் 212, குரல் பதிவு

தமயந்தி ரேடியோவில் வந்தாள்.

"ஜெரோம் அண்ணா, கம்ப்ரசர் போட்டா ஓட மாட்டேங்குது. ஃப்யூஸையும் காணோமுங்க. நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

"ஆமா பிள்ள. என் பையிலதான் இருக்கு."

அவளும் எஞ்சின் தெரிந்தவள்தான், கணக்குப் போட்டிருப்பாள். பிறகு அழுதாள். பிறகு என்னைத் திட்டினாள், ஈரோட்டில் அப்படியெல்லாம் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது.

உடையில் காற்று பொழுது சாயும் வரை. வண்டி நாளை மதியம்.

நாள் 212, குரல் பதிவு

புகைபோக்கியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். சூடாக இருக்கிறது. இடுப்பு வலிக்கு இதமாக இருக்கிறது. தமயந்தி ரேடியோவை அணைக்கவில்லை, காபி போடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். டிகாக்‌ஷன் இறங்கும்போது கரண்டியால் அழுத்தக் கூடாதாம்.

வெளிச்சம் குறைகிறது... தூக்கமாக வருகிறது... இன்றைய பதிவு பாக்கி.

எஞ்சின் ஓடுகிறது. எண்ணெய் சரி. புகையின் சூடு நானூற்றுப் பத்து.

முத்தழகு, இந்த வாரம் டப்பாவை வேறு யாருக்காவது கொடுத்து