சுடாத மணல்

5.6.84, செவ்வாய்

விடியவே சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கிணற்றடியில் இரண்டு வாழை சரிந்து கிடக்கிறது.

செய்ய: வாழைக்கு முண்டு கொடுக்க. திருவிழா வேட்டி எடுக்க. மருந்துச்சாலைக்குப் பஞ்சும் கோஸ் துணியும் கேட்டு எழுத. சரசுவின் மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் கால்.

குளித்துவிட்டுச் சுவாமி அறைக்குள் போனேன். பின்னால் சரசுவின் குரல்.

"இஞ்சாருங்கோ, உதென்ன நிலத்திலை?"

சீமெந்தில் என் ஈரக்கால் அடையாளம். இடது கால் சரி. வலது காலில், பெருவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு வட்டம். கிணற்றடியிலிருந்து சுவாமி அறை வரைக்கும், அடிக்கு ஒன்று.

"செவ்வரத்தம்பூவை மிதிச்சிட்டன்" என்றேன். கட்டின மனுசிக்கு இவ்வளவு கெதியாகப் பொய் சொல்ல எங்கே பழகினேன்?

மருந்துச்சாலையில் மத்தியானம் சனம் கலைந்த பிறகு கதவைச் சாத்தினேன். முகம் வழிக்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். ஐந்து சதக் குற்றி அளவு புண். சுற்றிவரத் தோல் வெள்ளையாய்த் தடித்திருக்கிறது. நடுவில் ஏதோ மினுங்கியது. இடுக்கியால் இழுத்தேன். உடைந்த சிப்பித் துண்டு, கால் அங்குலம். எத்தனை நாள் இதோடு நடந்தேனோ. நோகவே இல்லை. இழுத்தபோதும் நோகவில்லை.

இந்தத் தீவில் இருபத்தாறு வருசமாக மற்றவன் புண்ணைக் கழுவிக் கட்டுகிறவன் நான். வெட்கம்.

6.6, புதன்

வாழை முடிந்தது. கண்ணாடிக் கால் இன்னும் இல்லை.

மூத்திரத்தில் சீனி சோதித்தேன். சோதனைக் குழாய், நீல மருந்து, எட்டுத் துளி. கொதித்ததும் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. நேரே செங்கல் நிறம், சீனி உச்சம். மூன்று வருசமாகவே செங்கல்தான். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நோயாளிகளின் கொப்பியில் என் பெயர் இல்லை. குளிசையை மட்டும் எடுத்து விழுங்குகிறேன், அதுவும் ஞாபகம் வந்தால்.

புண்ணை உப்புத்தண்ணீரில் கழுவி, மஞ்சள் மருந்து வைத்துக் கட்டினேன். மேலே சப்பாத்து. சப்பாத்து எதற்கு என்று டொக்டர் கேட்டார் (கிழமைக்கு இரண்டு நாள்தான் வருகிறார்). "சும்மா, சேர்" என்றேன். அவரிடம் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் ஆறடி. அந்த ஆறடி நடக்க ஏலாமல் போய்விட்டது எனக்கு.

7.6, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை யார் பார்க்கப் போகிறார்கள்.

மூன்று வருசத்துக்கு முந்தின தேர்த் திருவிழா. உச்சி வெயில். அம்மன் கோயில் வெளிவீதி மணலில் அரிசி போட்டால் பொரியும். சுவாமியைத் தண்டில் வைத்துத் தோளில் காவுகிறவர்கள் எல்லாரும் துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள், சுவாமி குலுங்குகிறது. பின்தண்டில் நின்ற நான் மட்டும் மெல்ல, ஆறுதலாக அடி வைத்தேன். எனக்குச் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னரே முதல் செங்கல் நிறத்தைப் பார்த்தவன்.

ஆனால் கோயில் மணியகாரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பாருங்கோடா, அம்பாளின்ரை அருள் எண்டால் உதுதான். நெருப்பிலை நடந்தாலும் இவனுக்குப் பூ."

நான் வாயைத் திறக்கவில்லை. தலை குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்றும் சொன்னார்கள்.

அடுத்த வருசம் முன்தண்டு. வலப்பக்கம். அப்பா நாற்பது வருசம் பின்தண்டில் நின்று செத்தவர். எனக்கு முன்தண்டு. காரணம் அருள் இல்லை, சலரோகம்; சீனி என் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. இதை மூன்று வருசம் விழுங்கிவிட்டேன், குளிசையை விடவும் ஒழுங்காக.

8.6, வெள்ளி

கிளினிக் நாள். கால் பாடம் ஒப்புவித்தேன், வழமைபோல, வாங்குப் பலகையில் இருந்த பதினாலு பேருக்கும்.

பித்தவெடிப்பு: வீட்டில் பார்க்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், தேங்காய் எண்ணெய். வெடிப்பில் இரத்தம் கண்டால் இங்கே வரவும்.
கால் ஆணி: பிளேட்டால் சீவக் கூடாது. சீவுகிற விசரர் இந்த ஊரில் பாதிப்பேர்.
சேற்றுப்புண்: விரல் இடுக்கை ஈரம் துடைத்து வைக்க. கிழமை ஒன்றில் ஆறாவிட்டால் வரவும்.
நகம் உள்ளே வளர்ந்தால் தோண்டாதே.
துருப்பிடித்தது குத்தினால் அன்றைக்கே ஊசி.
சலரோகம் உள்ளவர்: மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதுவும் உங்களுக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய ஏலாதென்றால் கண்ணாடி. சின்னக் கீறல் என்றாலும் அன்றைக்கே வர வேண்டும். சிவப்பு மேலே ஏறினால், கெட்ட மணம் வந்தால், கறுத்தால், காய்ச்சல் காய்ந்தால், பெரியாஸ்பத்திரி. முதல் பஸ்.

கடைசியில் எப்போதும் சொல்கிற வசனம்: "நோகிற புண்ணுக்குப் பயப்பிடாதேங்கோ. நோகாத புண்ணுக்குப் பயப்பிடுங்கோ."

சொல்லிவிட்டு வலது காலை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

வாங்கின் முன்வரிசையில் மகேசக்கா. அறுபது வயது, இறுப்பிட்டிப் பக்கம் வீடு. எட்டு வருசமாகச் சலரோகம். அவவுக்குச் செருப்புப் போடப் பழக்கவே எனக்கு இரண்டு வருசம் பிடித்தது. கூட்டம் முடிந்த பிறகு வந்து பக்கத்தில் நின்றா.

"தம்பி, இந்தமுறை தேருக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறன். மகளுக்கு ஒரு கலியாணம் ஒப்பேறவேணும் எண்டு நேத்திக்கடன்."

"அக்கா, உச்சி வெயிலிலை வெறுங்காலோடை வீதி சுத்துறதோ? உங்களுக்கு ஏலாது. வேறை ஏதும் நேருங்கோ."

சிரித்தா. "நீரும் வெறுங்காலோடைதானே காவுறீர். உமக்கு ஒண்டும் செய்யேல்லையே. உம்மைப் பாத்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. உமக்குச் சுடாத மணல் எனக்கு மட்டும் சுடுமோ?"

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, எனக்கும் அதே வருத்தம்" என்று ஒரு வசனம். பின்னால் மணியகாரரின் தங்கச்சி மருந்துக்கு நின்றா. அவ காதில் விழுந்தால் பொழுதுபடமுன் கோயிலுக்குப் போய்விடும். நான், "சரி, கவனம்" என்று மட்டும் சொன்னேன்.

கவனமாம். தூ.

10.6, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

புண்ணில் இலேசான மணம். எனக்குத் தெரிந்த மணம். சட்டைப் பையில் கற்பூரம் போட்டுக்கொண்டு திரிகிறேன், திருவிழாக் காலம், யாரும் கேட்க மாட்டார்கள்.

சரசு சாப்பாடு போட்டபடி, "ஏன் இப்ப ரெண்டு நாளாக் காலுக்குச் சொக்ஸ்? மாப்பிளைக் கோலமோ?" என்று பகிடி விட்டாள். பிறகு பகிடி விடாமல் முகத்தைப் பார்த்தாள். எழும்பிக் கை கழுவப் போய்விட்டேன்.

பின்னேரம் மகேசக்கா வீட்டுக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். எல்லாவற்றையும் சொல்வதென்று முடிவு. வேலியடி வரை போனேன். உள்ளே அவவும் மகளும் கற்பூரச்சட்டிக்கு வேப்பிலை கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரே சிரிப்பு. படலையைத் திறக்காமல் திரும்பினேன். சைக்கிளை மிதித்த பாவி!

12.6, செவ்வாய். தேர்

வெயில் என்றால் வெயில்.

புண்ணின் கட்டை இறுக்கி, அதன்மேல் தோல் நிற பிளாஸ்டர். குதிக்கால் பக்கம் பாரம் கொடுத்து நடக்க நேற்று முழுக்கப் பழகினேன். முன்தண்டு வலப்பக்கம். மணியகாரர் தோளில் தட்டினார். "எங்கடை ஆள் நிண்டால் சுவாமி ஆடாது."

ஆடவில்லை.

வசந்த மண்டபத்திலிருந்து தேரடி வரை நூற்றிருபது அடி. எண்ணினேன். மற்றவர்கள் "அம்மாளே, அம்மாளே" என்று துள்ளுகிறார்கள். நான் எதையும் உணராமல், கட்டை மாதிரி. தேரில் சுவாமியை ஏற்றிவிட்டுத் திரும்பினபோது கற்பூரச்சட்டிகள் வந்துகொண்டிருந்தன. இருபது பெண்கள் இருக்கும். தண்ணீர் ஊற்றின கரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். மகேசக்கா மட்டும் நடு மணலில். ஆறுதலாக. என்னைப் போலவே. சனம் கும்பிடுகிறது.

வீதி முழுக்கச் சுற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தா. முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் சந்தோசம்.

"தம்பி! ஒண்டுமே சுடேல்லை! அம்பாளாணை, ஒரு பொட்டுக்கூடச் சுடேல்லை!"

நான் அவவின் காலைப் பார்த்தேன். பெருவிரலைச் சுற்றிக் கொப்புளம் எழும்பியிருந்தது. அவ இன்னும் குனிந்து பார்க்கவில்லை.

மணியகாரர் பக்கத்தில். "ரெண்டாவது ஆளும் வந்திட்டுது" என்றார்.

நான் சிரித்தேன். ஓம், சிரித்தேன். எழுதத்தான் வேண்டும்.

13.6, புதன். தீர்த்தம்

போகவில்லை. வயிற்றுக் குத்து என்று சொல்லி அனுப்பினேன்.

காலை பத்துக்கு மகேசக்காவின் மகள் ஓடி வந்தாள். "அம்மான்ரை காலெல்லாம் தோல் உரியுது. அவ ஒண்டுமில்லையாம், திருநீறு பூசினால் காணுமாம், ஆறிடுமாம். நீங்கள் சொன்னால் கேப்பா."

நான் சொன்னால் கேட்பாவாம்.

போனேன். மகேசக்கா கதிரையில், கால்களை வாங்கில் நீட்டியபடி. இரண்டு உள்ளங்காலிலும் தோல் கழன்று தொங்குகிறது. திருநீறு அப்பியிருந்தது. "பெரியாஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ அக்கா" என்றேன்.

"உமக்கென்ன விசரோ? நோகுதெண்டால் எல்லோ ஆஸ்பத்திரி. அம்பாள் தந்தது, அம்பாளே ஆத்துவா. நீர் போனனீரோ ஆஸ்பத்திரிக்கு?"

நிலத்தில் குந்தினேன். சப்பாத்தைக் கழற்றினேன், சொக்ஸைக் கழற்றினேன், கட்டை அவிழ்த்தேன். மணம் எழும்பியது. மகள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். காலைத் தூக்கி வாங்கில், அவவின் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கும் சலரோகம், அக்கா. மூண்டு வருசமாய். எனக்குச் சுடாதது அருளில்லை. கால் செத்துப்போச்சு. உங்கடையும் அப்பிடித்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான்."

அவ இரண்டு பேரின் காலையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு அவ கேட்டா:

"அப்ப வெள்ளிக்கிழமை ஏன் தம்பி சொல்லேல்லை?"

ஏசியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். இப்படிக் கேட்டா. "தண்டு போயிடும் எண்டு பயந்தனான்" என்றேன். ஐம்பத்துநாலு வயதில் சொல்கிற பதிலா இது.

வீட்டுக்கு வந்து சரசுவிடமும் சொன்னேன். "செவ்வரத்தம்பூ" என்றாள், அவ்வளவுதான். அலுமாரியைத் திறந்து எனக்குக் கட்ட இரண்டு சாரமும் துடைக்க ஒரு துவாயும் எடுத்து வைத்தாள்.

14.6, வியாழன்

முதல் பஸ். தாம்போதிப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், ஒரு அலையுமில்லை. நான், மகேசக்கா, மகள், சரசு. அக்காவின் காலுக்கு என் வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தேன். திருவிழா வேட்டி.

பஸ் ஏறமுன் கோயிலடியில் மணியகாரர். "எங்கை குடும்பத்தோடை?"

"ஆஸ்பத்திரிக்கு. எனக்குச் சலரோகம், காலிலை உணர்ச்சி இல்லை. முன்தண்டுக்கு வேறை ஆளைப் பாருங்கோ." ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்த்தார். "ம்" என்றார். பஸ்ஸுக்குள் இருந்த எல்லாருக்கும் கேட்டது. காது இரண்டும் கொதித்தது. காது மட்டும் இன்னும் சாகவில்லை.

பெரியாஸ்பத்திரி. இடநெருக்கடியில் ஆண் பெண் எல்லாரும் ஒரே வாட்டில், இருவருக்கும் கட்டில். டொக்டர் பொடியன், மகன் வயது இருக்கும். அக்காவின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டாம் நாளே வந்தது நல்லம் அம்மா. ஆறும். ஆனால் இனிச் செருப்பில்லாமல் குசினிக்குள்ளை சமைக்கவும் போகக்கூடாது."

பிறகு என்னுடையது. "இது எத்தினை நாள்?"

"நாலு நாள்" என்றேன். இங்கேயும்!

அடுத்த கட்டிலில் இருந்து அக்கா திரும்பிப் பார்த்தா.

"இல்லை சேர். பத்து நாளுக்கு மேலை. நான் மருந்துச்சாலையிலை புண் கட்டுற ஆள்."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

15.6, வெள்ளி

இன்று அங்கே கிளினிக். வாங்கில் பதினாலு பேர். பாடம் யார் சொல்லுவார்?

எலும்பைப் படம் பிடித்தார்கள், பழுது எலும்பு வரை போய்விட்டது. பெருவிரல் நாளை எடுக்க வேண்டும். பாதத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் வந்திருந்தால் விரலும் இருந்திருக்கும். இதை டொக்டர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

சரசுவுக்குச் சொல்ல: கண்ணாடிக் கால் இங்கேயே டவுனில் போடலாம். வாழைக்குத் தண்ணீர். மருந்துச்சாலைக் கொப்பியில் என் பெயரை எழுதச் சொல்ல. மகேசக்காவின் பெயருக்குக் கீழே.

மத்தியானம் கட்டு மாற்ற வந்தார்கள். நர்ஸ் பிள்ளை புண்ணுக்குள் மருந்தை ஊற்றி இடுக்கியால் கிண்டினாள். வாட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகேசக்காவால் பொறுக்க ஏலவில்லை.

"ஐயோ தம்பி, எரியுதோ?"

"இல்லை அக்கா" என்றேன், எல்லாருக்கும் கேட்க. "ஒண்டுமே சுடேல்லை."