மூச்செடுக்கும்போது வரும் கரகரப்பு

நீர்வேலி
14.07.2003

அன்புள்ள கோபிகாவுக்கு,

நான் சுகம். மட்டக்களப்பில் நீயும் மகனும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் மனம் ஆறும். இங்கே ரெக்கோடர் கொஞ்சம் மினக்கெடுத்தியது, வேறொன்றுமில்லை.

கோயில் திருவிழாவில் நாகலிங்கம் அண்ணையின் நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்கிறேன். அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். ஒலிப்பதிவு ரேப்பில் ஒரு கரகரப்பு விழுந்தது. பற்றரியையும் மைக் வயரையும் மாற்றி, ரெக்கோடரின் ஹெட்டையும் துடைத்தேன். போகவில்லை. தவில் தனியே ஒலிக்கும்போது சுத்தமாக இருந்தது. அண்ணை மூச்சை இழுக்கும்போது மட்டும் வந்தது.

அவரிடமே ஹெட்போனைக் கொடுத்தேன்.

“மெஷினிலை பிழையில்லை தம்பி. என்ரை நெஞ்சுதான். டொக்டர் ஊதவேண்டாம் எண்டு சொல்லி மூண்டு மாசம். வீட்டிலை தெரியாது. நீரும் சொல்லிப்போடாதையும்.”

“இதை அழிக்கட்டோ அண்ணை?”

“வேண்டாம். கிடக்கட்டும்.”

நேற்றைய பதிவில் அந்தச் சத்தம் இன்னும் கூடியிருக்கிறது. அவர் மனைவி எனக்குச் சோறு போடும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொல்வதா, விடுவதா என்று நீயாவது எழுது.

உடுத்த இரண்டு சாரம் அனுப்பு. மகனின் குரலை ஒரு கசற்றில் பதிந்து அனுப்பு, என்ன பேசினாலும் பரவாயில்லை.

தவில் தொடங்கிவிட்டது. அண்ணை மேடைப் படியில் ஒருமுறை உட்கார்ந்து எழும்பித்தான் ஏறுகிறார். போகிறேன்.

உன்
கீர்த்திகன்