கண்ணாடியில் இன்னொரு விரல்

வியாழன், இரவு

சட்டமும் தடய அறிவியலும் சேர்ந்த எங்கள் படிப்பில் இன்று கைரேகைப் பயிற்சி. நாம் மட்டும் தொட்ட பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஸ்ரீரங்கத்து அறையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். நேற்றுக் காலை கைக்கண்ணாடியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். இன்று காலை அதைக் கவரில் போட்டு எடுத்துப் போனேன்.

பொடி தூவியதும் இரண்டு பேருடைய ரேகைகள் தெரிந்தன. ஒரு கட்டைவிரலின் குறுக்கே வெட்டுத் தழும்பு.

"இது உன் விரல் இல்லையேம்மா," என்றார் மேடம். "துடைச்ச உடனே கவர்ல போட்டு ஒட்டியிருக்கணும். நடுவுல ஒரு நாள் விட்டா கோர்ட்ல நிக்காது."

எனக்குக் கோர்ட் நினைவே வரவில்லை. நேற்றுப் பகல் முழுக்க அறை பூட்டிக் கிடந்தது.

வீட்டுக்கார மாமியிடம் கேட்டேன்.

"வேற சாவியே இல்லடிம்மா. இருந்த ஒண்ணும் உன்கிட்டதான் இருக்கு."

பேச்சோடு பேச்சாக அவர் கட்டைவிரலையும் பார்த்துவிட்டேன். தழும்பு இல்லை.

அறைக்கு வந்து, வகுப்பிலிருந்து கொண்டுவந்த மீதிப் பொடியைக் கதவின் உள்தாழ்ப்பாளில் தூவினேன். அதே தழும்பு. வெறும் சட்டம் மட்டும் படித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. வந்த ஆள் உள்ளே தாழிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு பொருளும் காணாமல் போகவில்லை.

அந்தத் தாழ்ப்பாளை நம்பித்தான் இப்போது படுக்கப் போகிறேன்.