படகில் உன் அம்மாவின் இடம்

வெனிஸ், காஸ்தெல்லோ
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மருமகள் ஃபோஸ்காவுக்கு, உன் தாய்மாமன் அல்வீஸே மிகுந்த ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் சுகம், உன் பெரியம்மா எல்டாவும் சுகம், வாசலில் தண்ணீரும் சுகம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். நீ பிறந்த செய்தி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அன்றைக்கே ரென்ஸோவின் ஒயின் கடையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "இந்தப் பொண்ணு ஒரு நாள் அவ அப்பா அம்மாவைக் கையோட இழுத்துக்கிட்டு இங்க வந்து இறங்கும், எழுதி வச்சுக்கங்க" என்றேன். ரென்ஸோவைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்பான். அவனுக்கு நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதே ஞாபகம் இருக்காது.

உன் கடிதத்தைப் பாலத்து மேலேயே நின்று படித்தேன். கீழே போன படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திக் கேட்டார்கள். அப்பாவின் ஊரான கூனெயோவுக்குப் போகும் வழியில் வெனிஸில் மூன்றே நாள் என்று எழுதியிருக்கிறாய். முதல் நாள் சான் மார்கோ சதுக்கம், கோவில், அரண்மனை. இரண்டாம் நாள் கண்ணாடி ஊதும் தீவு. மூன்றாம் நாள் கொண்டோலா சவாரி, பிறகு ரயில். தங்குவது கடலுக்கு அக்கரையில், மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல். உன் திட்டம் அழகாக இருக்கிறது, மருமகளே. ஆனால் அது டென்மார்க்கிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கான திட்டம்.

அரண்மனையை நான் காட்டுகிறேன். வழிகாட்டிகள் சொல்வதெல்லாம் புத்தகத்தில் படித்தது. நாற்பது வருஷம் பெரிய கால்வாயில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆளைச் சேர்த்தவன் நான். பேராசிரியர்கள் என் படகில் நின்றபடி பேசிக்கொண்டு போவார்கள். மறுகரை வருவதற்குள் பாதியை நான் திருத்தியிருப்பேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது உண்மைதான். மேற்கொண்டு கற்றுத்தர அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வரும் அந்த மூன்று நாள் எது என்று உனக்குத் தெரியுமா? நடுவில் வருவது ஜூலை மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. ரெதெந்தோரே இரவு. ஊரே படகில் இறங்கி, படகிலேயே மேசை போட்டுச் சாப்பிட்டு, வாணவேடிக்கை பார்க்கும் இரவு. கொள்ளைநோய் விட்டுப்போன நன்றிக்காக ஆரம்பித்தது. அதற்காகக் கட்டிய கோவிலுக்கு முதல் கல்லைச் சுமந்தவர் நம் வம்சத்துக்காரர்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. உன் அம்மா இதை உன்னிடம் சொல்லவில்லை என்றால், மறந்துபோய் அல்ல. இந்த ஊரில் பிறந்த எவளும் அந்தச் சனிக்கிழமையை மறக்க மாட்டாள்.

இந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே அவள் ஏன் வாய் திறப்பதில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய ரெதெந்தோரே அன்று நாங்கள் நால்வர் படகில் இருந்தோம். எல்டா அக்கா, நான், உன் அம்மா நோரீனா, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவராகப் புதிதாக வந்திருந்த உன் அப்பா செவெரீனோ. படகை அலங்கரிக்கப் பச்சைக் கிளை வெட்டச் சான்ட் எராஸ்மோ தீவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆழமான வழியிலேயே போகலாம் என்றாள் நோரீனா. பின்துடுப்பில் நின்ற அக்கா, "தண்ணி ஏறிக்கிட்டுதான் இருக்கு, எனக்குத் தெரியாதா?" என்று சேற்றுத் திட்டுக்கு மேலே குறுக்கே விட்டாள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். நான் சொல்வதற்குள் படகு தரை தட்டிவிட்டது.

நம் ஆட்கள் தரை தட்டினால் என்ன செய்வோம்? உட்கார்ந்து ரொட்டி தின்போம். தண்ணீர் போனது போல வரும். உன் அப்பா மலையோரத்து ஆள். வண்டி சிக்கினால் இறங்கித் தள்ளுகிறவர். புது உடுப்போடு இறங்கினார். சேற்றில் தொடை வரை புதைந்துபோனார். அக்கா சிரித்தாள். அவள் சிரித்தால் அடுத்த தீவில் கேட்கும். "நோரீனா, உன் மாப்பிள்ளையை நட்டு வச்சிட்டோம்டீ. தண்ணி ஊத்து, அடுத்த வருஷம் காய்க்கும்" என்றாள். போகிற படகெல்லாம் சிரித்தது. உன் அம்மா எழுந்தாள். அக்கா மூன்று நாள் முன்பே வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்திருந்த மத்தி மீனை, அதுதான் சாவோர், சட்டியோடு தூக்கித் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள் உன் அம்மா.

வாணவேடிக்கையைத் தூரத்துச் சேற்றிலிருந்து நான்கு பேரும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டு பார்த்தோம். அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல். அதற்குப் பிறகு அக்கா தங்கை இருவருக்கும் பேச்சில்லை. அக்கா கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள் உன் அம்மா. சட்டியைக் கவிழ்த்தவள்தான் முதலில் பேச வேண்டும் என்கிறாள் அக்கா. வெயில் காலத்துச் சாவோரில் உலர்திராட்சை போடுவது இந்தத் தெருவில் வழக்கமில்லை. நம் வீட்டில் மட்டும் போடுவோம், நோரீனா சின்ன வயதில் விரலை விட்டுத் திராட்சையை மட்டும் பொறுக்குவாள் என்பதற்காக. அவள் போன பிறகு அக்கா அதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "வெயில்ல யாருடா திராட்சை திம்பா?" என்பாள்.

இதோ, இந்த இடத்தை மட்டும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நேற்று அக்காவிடம் நீங்கள் வருவதைச் சொன்னேன். அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவளை வரச் சொல்லு. படகுல அவ இடத்துல நான் இதுவரைக்கும் யாரையும் உக்கார வச்சதில்ல."

சீக்கிரம் பதில் எழுது. ஓட்டலுக்குச் சொல்லி வைத்ததை ரத்து செய்யத் தயாராக இரு.

உன் மாமன்,
அல்வீஸே


வெனிஸ்
ஜூன் மாதம், மழை நின்ற ஒரு சாயங்காலம்

அன்பு மருமகளே,

நான் சொன்னேனா இல்லையா? அந்த வரியைப் படித்ததும் அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் காலை, "சரி, படகுல ஏறுறேன். ஆனா குறுக்கு வழியில போனா குதிச்சிடுவேன்னு சொல்லிடு" என்றாளாமே. அப்படியே என் தங்கச்சி. இந்த வாக்கியத்தை ரென்ஸோவிடம் சொன்னேன். கடையில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். சரி, ஒருவர் அழுதார். அவருக்கு ஏற்கெனவே கண் நோய்.

இங்கே வேலை மும்முரம். படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, அடியைச் சுரண்டி, தார் பூசி, பச்சை வண்ணம் அடித்திருக்கிறேன். படகுப் பட்டறையின் தலைமை ஆசாரி வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். படகின் பெயர் உனக்குத் தெரியும். ஃபோஸ்கா. அது உன்னைவிட மூத்தது. அம்மா அவ்வளவு கோபத்தில் போனவள்தான், ஆனாலும் பெண்ணுக்கு எந்தப் பெயரை வைத்தாள் பார்.

இப்போது என் திட்டம். வெள்ளிக்கிழமை மதியம் ரயில் நிலையத்துப் படிக்கட்டுக்கு நேரே நான் படகோடு நிற்பேன். சக்கரம் வைத்த பெட்டிகளை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். பாலத்துக்குப் பாலம் அவற்றைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கே முதுகு வலிக்கும். நீ பார்க்க நினைத்த அரண்மனை, கோவில் எல்லாம் தண்ணீரிலிருந்தே காட்டுவேன். அவற்றின் முகம் தண்ணீர்ப் பக்கம்தான். சதுக்கத்திலிருந்து பார்க்கிறவர்கள் முதுகைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கொண்டோலாவை மறந்துவிடு. கொண்டோலாவில் உட்கார வேண்டும். என் படகில் உனக்கு நின்றுகொண்டு துடுப்புப் போடக் கற்றுத்தருவேன். விழுந்தால் விழுந்தாய். இந்த ஊரில் தண்ணீரில் விழாத மனிதனை யாரும் நம்புவதில்லை.

சனிக்கிழமை மதியமே போய்ச் சான் ஜோர்ஜோ தீவுக்கு முன்னால் படகைக் கட்டிவிடுவோம். நல்ல இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. கிளைகளை நானே முன்கூட்டி வெட்டி வந்துவிடுவேன். சான்ட் எராஸ்மோ பக்கமே போக வேண்டாம். அப்பாவிடம் சொல், இந்த முறை யாரும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. அவர் சேற்றில் விட்ட செருப்பை ஒரு மீனவன் பின்னால் கண்டெடுத்தான், உள்ளே ஒரு நண்டு குடும்பத்தோடு இருந்தது. அதைக் கோவிலில் காணிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஞாயிறு காலை படகுகளை வரிசையாகக் கட்டிய பாலத்தின் மேல் நடந்து அக்கரைக் கோவிலுக்குப் போவோம். அம்மா என் கையைப் பிடித்து நடக்கட்டும்.

அக்காவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறாள். எழுபதைத் தாண்டியும் பின்துடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தூரத்தில் வரும் படகு யாருடையது என்று துடுப்பசைவிலேயே சொல்லிவிடுவாள். ஒன்று மட்டும். அம்மா அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுத நினைப்பதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல். அக்காவுக்குப் பார்வை சரியில்லை. எதுவானாலும் எனக்கே எழுதட்டும், நான் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதம் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

அவசரத்தில்,
உன் மாமன் அல்வீஸே


வெனிஸ்
ஜூலை மாதம், ரெதெந்தோரேக்கு முந்தைய வாரம்

என் கண்ணே ஃபோஸ்கா,

இதை நீங்கள் முதலில் இறங்கும் மிலானோவுக்கு, உன் தோழி வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். தனியாகப் படி. அம்மா பக்கத்தில் இருந்தால் மடித்துப் பையில் வை.

எல்லாம் தயார். படகில் காகித விளக்குகளைக் கட்டிப் பார்த்துவிட்டேன். தர்பூசணியைச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அளவு. வாத்து வறுப்பது ரென்ஸோவின் மனைவி. மேசைத்துணி எங்கள் அம்மாவினுடையது, ஓரத்தில் ஒயின் கறை இருக்கும். அதை உன் அம்மா அடையாளம் கண்டுகொள்வாள். பக்கத்துப் படகுக்காரர்களுக்கெல்லாம் நீ ஆஸ்திரேலியாவில் பெரிய வழக்கறிஞர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பல் மருத்துவமனையில் வேலை என்று நீயாக வாயை விட்டுவிடாதே.

நேற்று முன்தினம் அக்காவிடம், இந்த வருஷம் படகில் ஐந்து பேர் என்று சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நம்ம ரெண்டு பேர். மிச்ச மூணு யாரு?" என்றாள். சொந்தக்காரங்க என்றேன். "எந்த ஊர்லேர்ந்து?" கொஞ்சம் தூரம், அக்கா என்றேன். "எவ்ளோ தூரம்?" கப்பல்ல போற தூரம் என்றேன். கத்தி நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் தொப்பியைத் தேடினேன். அது என் தலையில்தான் இருந்தது. "பொய் சொல்லும்போது உன் காது சிவக்கும்டா அல்வீஸே. இன்னிக்கு சிவக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.  வெங்காயம் என்றால் கண் கலங்கும்தான். ஆனால் அவளுக்கு வெங்காயத்தில் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

இன்று காலை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேடையில் ஒரு கிண்ணம், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். வெள்ளை ஒயினில் உலர்திராட்சை ஊறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அக்கா, "மூடு, ஈ விழும்" என்றாள். அவ்வளவுதான்.

எனவே, மருமகளே, மாமன் கேட்பது இது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ரயிலை விட்டு இறங்குங்கள். அம்மா படிக்கட்டில் நின்று யோசித்தால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளு. அவள் ஒரு காலைப் படகில் வைத்ததும் நான் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். அவிழ்த்த படகிலிருந்து நம் ஊர்ப் பெண் எவளும் இறங்கி நடந்ததில்லை. பின்துடுப்பில் அக்கா நிற்பாள். எப்படியாவது நிற்க வைப்பேன். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாது. நீ பேசு. எதையாவது கேட்டுக்கொண்டே இரு. அது என்ன கோவில், இது யார் வீடு என்று. இருவரும் ஒரே நேரத்தில் தப்பு தப்பாகப் பதில் சொல்வார்கள், பிறகு யார் சொன்னது சரி என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டை தொடங்கிவிட்டால் போதும்.

நீங்கள் மூவரும் நல்லபடியாக வந்து சேருங்கள். தண்ணீர் உங்களுக்கு ஏறுமுகமாகவே இருக்கட்டும்.

உங்கள் வரவுக்குக் கயிற்றைக் கையில் பிடித்தபடி,
அல்வீஸே

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. மே மாதக் கடிதத்தில் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேனே, படகில் அவள் இடத்தைப் பற்றி அக்கா சொன்னதாக ஒரு வரி. அக்கா அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் வருவதையே நான் அப்போது அவளிடம் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்ன சொல்வாளோ என்று பயந்து, நானே எழுதினேன். அம்மா படகில் ஏறும் வரைக்கும் இதை அவளிடம் சொல்லிவிடாதே. அந்த வரி என்னுடையது, ஃபோஸ்கா. திராட்சை அக்கா போட்டது.